தேதி இல்லாத கெடு! தொகை இல்லாத அபராதம்!



உங்களிடம் ஒரு கேள்வி. இணையச் சந்தையில் கடை திறந்த அன்று, திரையில் வந்த ஒப்பந்தத்தை முழுவதும் படித்து விட்டுத் தான் 'ஏற்கிறேன்' என்ற பொத்தானை அமுக்கினீர்களா? இல்லை என்று தான் உங்களில் பெரும்பாலோர் சொல்வீர்கள். போகட்டும். இன்று இரவு இஷாவுக்குப் பிறகு உட்கார்ந்து படித்துப் பாருங்கள். படிக்கும் போது ஒரே ஒரு விஷயத்தைத் தேடுங்கள். "நான் இந்தச் சந்தைக்காரருக்குக் கட்டணம் பாக்கி வைத்து விட்டால், அது எந்தத் தேதியிலிருந்து கெடு தாண்டிய பாக்கி? அதற்கு அபராதம் எவ்வளவு?"

கமிஷன் எத்தனை சதவிகிதம் என்பது பட்டியல் போட்டு இருக்கும். பார்சலுக்கு எவ்வளவு என்பது எடை வாரியாக இருக்கும். விளம்பரம் போட்டால் எவ்வளவு என்பது வண்ண வண்ணமாக இருக்கும். ஏனென்றால் அவை உங்களை உள்ளே இழுக்கும் விஷயங்கள். ஆனால் பாக்கி விஷயத்துக்கு வந்தால் மொழியே மாறி விடும். "உரிய நடவடிக்கை எடுக்கலாம்", "கட்டணம் விதிக்கலாம்", "வட்டி வசூலிக்கலாம்", "வேறு எந்த வகையிலும் ஈடு செய்து கொள்ளலாம்", "இந்த விதிகள் அவ்வப்போது மாற்றப்படலாம்" என்ற தோரணையில் தான் இருக்கும். எங்கு பார்த்தாலும் 'லாம்', 'லாம்', 'லாம்'! ஒரு பகுதி ஒப்பந்தத்தில் இருக்கும். இன்னொரு பகுதி கட்டண அட்டவணையில் இருக்கும். மூன்றாவது பகுதி உதவிப் பக்கம் ஒன்றின் மூலையில் கிடக்கும். மூன்றையும் சேர்த்துப் படித்தாலும் உங்கள் கேள்விக்கு ஒரு தேதியும் ஒரு தொகையும் பதிலாகக் கிடைக்கவில்லை என்றால், நீங்கள் கையெழுத்துப் போட்டது ஒப்பந்தத்தில் அல்ல, வெற்றுத்தாளில்!

நம் பணம் அவர் கையில், பாக்கிதாரர் மட்டும் நாம்!

"பாக்கி எப்படி வரும்? விற்ற பணத்தில் கழித்துக் கொண்டு தானே மீதியை அனுப்புகிறார்கள்?" என்று கடை வைத்திருக்கும் பெரியவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நமக்குத் தெரிந்த வியாபாரத்தில் சரக்கு போகும், பணம் பின்னால் வரும், வராத பணம் தான் பாக்கி. இணையச் சந்தையில் கதை தலைகீழ். வாடிக்கையாளர் கொடுக்கும் பணம் முதலில் சந்தைக்காரர் கைக்குத் தான் போகிறது. அவர் கமிஷன், நிலைக்கட்டணம், பார்சல் கூலி, இவற்றின் மேல் 18 சதவிகித ஜி.எஸ்.டி. எல்லாவற்றையும் எடுத்துக் கொள்கிறார். அரசாங்கத்துக்காக டி.சி.எஸ். அரை சதவிகிதம், வருமான வரிப் பிடித்தம் 0.1 சதவிகிதம் (இவை 2024ல் குறைக்கப்பட்ட விகிதங்கள்) என்று பிடிக்கிறார். பிறகு சில நாட்கள் வைத்திருந்து மீதியை அனுப்புகிறார். அந்தச் சில நாட்களுக்கு நமக்கு அவர் ஒரு பைசா தருவதில்லை. நாம் கேட்பதும் இல்லை, கேட்கவும் கூடாது. அது வேறு விஷயம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நம் பணத்தை அவர் ஏழு நாள் வைத்திருந்தால் அதற்குப் பெயர் 'நடைமுறை'. அவர் பணத்தை நாம் ஏழு நாள் தாமதித்தால் அதற்குப் பெயர் 'கெடு தாண்டிய பாக்கி'!

பாக்கி எப்படி முளைக்கிறது என்பதற்கு நம் எல்லோருக்கும் தெரிந்த நோன்புப் பெருநாள் வியாபாரத்தையே எடுத்துக் கொள்வோம். பின்வரும் தொகைகள் விளக்கத்துக்காக நாம் போடும் கணக்கு. உங்கள் கணக்கில் எண்கள் மாறலாம், கதை மாறாது.

அபாயா விற்கும் ஒரு சிறு வியாபாரி. விலை 1,200 ரூபாய். ரமலானில் நன்றாக விற்றது. வந்த பணத்தை எடுத்துத் துணிக்காரருக்கும் தையல்காரர்களுக்கும் கொடுத்து விட்டார். பெருநாள் முடிந்தது. விற்பனை படுத்து விட்டது. இப்போது தான் 'அளவு சரியில்லை', 'நிறம் பிடிக்கவில்லை' என்று சரக்கு திரும்பி வரத் தொடங்குகிறது. பன்னிரண்டு உருப்படி திரும்பினால் 14,400 ரூபாய் வாங்கியவர்களுக்குப் போகிறது. உருப்படிக்கு 180 ரூபாய் வீதம் எடுத்த கமிஷனையும் அதன் வரியையும் சந்தைக்காரர் முழுதாகத் திருப்பிக் கொடுத்தார் என்று தாராளமாகவே வைத்துக் கொள்வோம். அது 2,548 ரூபாய் 80 காசு. ஆனால் திரும்பி வந்த கூலி உருப்படிக்கு 90 ரூபாயும் வரியும் நம் தலையில். பெருநாளுக்காகப் போட்ட விளம்பரத்துக்கு 3,000 ரூபாயும் வரியும். அவர்கள் குடோனில் சரக்கு கிடப்பதற்கு 1,000 ரூபாயும் வரியும். கூட்டிக் கழித்தால் ஏறக்குறைய 17,845 ரூபாய் நம் கணக்கில் கழித்தல் குறியோடு நிற்கும்.

இந்த மனிதர் யாரையும் ஏமாற்றவில்லை. ஓடிப் போகவும் இல்லை. பெருநாள் முடிந்த மாதத்தில் வியாபாரம் இல்லை, அவ்வளவு தான். விற்பனை இருந்தால் அதில் கழிந்து போகும் தொகை, விற்பனை இல்லாததால் 'பாக்கி' ஆகி விட்டது. அடுத்து என்ன நடக்கிறது? கணக்கை முடக்குகிறார்கள். முடக்கிய கணக்கில் சரக்கு விற்காது. விற்காத சரக்குக்குக் குடோன் வாடகை ஏறும். ஏறிய வாடகை பாக்கியில் சேரும். சேர்ந்த பாக்கியைக் காட்டி முடக்கம் தொடரும்! கடனை அடைப்பதற்கு இருந்த ஒரே வழி வியாபாரம். அந்த வழியை அடைத்து விட்டுக் கடனைக் கட்டு என்கிறார்கள்.

இதையெல்லாம் விட எரிச்சலான விஷயம், இந்த மனிதருக்குத் தான் எப்போது கெடு தாண்டினோம் என்பதே தெரியாது. கணக்கு கழித்தலுக்குப் போன அன்றா? மாதாந்திரப் பட்டியல் வந்த அன்றா? மின்னஞ்சல் அனுப்பிய அன்றா? அந்த மின்னஞ்சல் தள்ளுபடி விளம்பரங்களுக்கு நடுவே புதைந்து கிடந்தால் என்ன செய்வது? அட்டையிலிருந்தோ வங்கியிலிருந்தோ தாங்களாகவே எடுத்துக் கொள்வார்களா, நாம் போய்க் கட்ட வேண்டுமா? பாதி கட்டினால் அது பழைய பாக்கியில் கழியுமா, புதிய அபராதத்தில் கழியுமா? முழுதும் கட்டிய பிறகு எத்தனை நாளில் பூட்டைத் திறப்பார்கள்? கேட்டால் இயந்திரம் பதில் சொல்கிறது. "உங்கள் பொறுமைக்கு நன்றி" என்கிறது!

மின்வாரியத்துக்குத் தெரிந்த மரியாதை

நம் வீட்டு மின் கட்டணத்தை எடுத்துக் கொள்ளுங்கள். மின்வாரியத்தை நாம் திட்டாத நாளில்லை. ஆனாலும் கட்ட வேண்டிய கடைசித் தேதி இன்னது என்று அவர்கள் சொல்லி விடுகிறார்கள். ஜி.எஸ்.டி. சட்டத்தைச் சிறு வியாபாரிகள் யாரும் வாழ்த்துவதில்லை. ஆனாலும் 3பி படிவத்தைத் தாமதமாகப் போட்டால் நாளொன்றுக்கு 50 ரூபாய், வியாபாரமே இல்லாத மாதமென்றால் 20 ரூபாய், அதிகபட்சம் இவ்வளவு என்று எழுதி வைத்திருக்கிறார்கள். பிடிக்கிறதோ பிடிக்கவில்லையோ, தெரிகிறது. தெரிந்தால் தான் ஒரு வியாபாரி முடிவெடுக்க முடியும். இந்த வாரம் துணிக்காரருக்குக் கொடுப்பதா, வரி கட்டுவதா என்று கணக்குப் போட முடியும். தெரியாத அபராதத்துக்கு எந்தக் கணக்கைப் போடுவது?

வட்டியையே பிழைப்பாகக் கொண்ட வங்கிகளின் கதையைக் கேளுங்கள். தவணை தவறிய கடன்காரர்களிடம் வங்கிகள் அபராத வட்டி என்ற பெயரில் கண்டபடி வசூலித்து, அதை வட்டியோடு வட்டியாகச் சேர்த்துக் கொண்டிருந்தன. ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்ட் 18ல் ஒரு சுற்றறிக்கை போட்டது. அபராதத்தை வட்டி விகிதத்தோடு சேர்க்கக் கூடாது. தனிக் கட்டணமாகத் தான் வாங்க வேண்டும். அந்தக் கட்டணத்தின் மேல் மீண்டும் வட்டி போடக் கூடாது. எவ்வளவு, எதற்காக என்பதைக் கடன் ஒப்பந்தத்திலேயே தெளிவாகக் காட்ட வேண்டும். நினைவூட்டல் அனுப்பும் போதெல்லாம் அபராத விவரத்தையும் சொல்ல வேண்டும். அபராதம் என்பது கடனாளிக்கு ஒழுங்கைக் கற்பிக்கத் தானே தவிர, வருமானத்தைப் பெருக்கும் வழியல்ல என்பதே அந்தச் சுற்றறிக்கையின் சாரம். 2024 ஏப்ரல் முதல் புதிய கடன்களுக்கு இது நடைமுறைக்கு வந்தது.

வட்டிக்கடைக்கே கடிவாளம் போட்டாயிற்று. அந்தக் கடிவாளம் இணையச் சந்தைகளுக்கு இல்லை. ஏனென்றால் சட்டத்தின் பார்வையில் அவர்கள் நமக்குக் கடன் கொடுக்கவில்லை, 'சேவை' செய்கிறார்கள்!

பெயரை மாற்றினால் வட்டி இல்லையா?

ஒரு முஸ்லிம் வியாபாரிக்கு இதில் இன்னொரு வேதனையும் இருக்கிறது. வட்டி கொடுப்பதும் வாங்குவதும் ஆகாது என்று வங்கிக் கடனை ஒதுக்கி, மனைவியின் நகையை விற்று முதல் போட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்! அப்படிப்பட்டவர், தான் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் "பாக்கிக்கு வட்டி வசூலிக்கலாம்" என்று ஒரு வரி ஒளிந்திருப்பதை அறியாமலேயே இருக்கிறார். அறிந்திருந்தால் பாக்கி வராமல் பார்த்துக் கொள்வார், அல்லது அந்தச் சந்தைக்கே போக மாட்டார். தெளிவில்லாத விதி அவருடைய பணத்தை மட்டும் எடுக்கவில்லை. அவர் தேர்ந்தெடுக்கும் உரிமையையும் சேர்த்து எடுத்துக் கொள்கிறது.

"வட்டி என்று எழுதவில்லையே, தாமதக் கட்டணம் என்று தானே எழுதியிருக்கிறது" என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 15(2)(டி) பிரிவைப் பாருங்கள். பணம் கட்டத் தாமதித்ததற்காக வசூலிக்கப்படும் வட்டி, தாமதக் கட்டணம், அபராதம் மூன்றையும் அது ஒரே மூச்சில் சொல்கிறது. மூன்றும் சேவையின் மதிப்போடு சேரும் என்கிறது. சேர்ந்தால் என்ன ஆகும்? அதற்கும் 18 சதவிகித வரி! மேலே சொன்ன 17,845 ரூபாய் பாக்கிக்கு மாதம் ஒன்றரை சதவிகிதம் என்று போட்டால் 268 ரூபாய். அந்த 268 ரூபாய்க்கு வரி 48 ரூபாய். தொகை சிறிது தான். ஆனால் தண்டனைக்கும் வரி கட்டும் விசித்திரத்தைப் பாருங்கள். பெயர் எதுவானாலும் சரக்கு ஒன்று தான் என்பது வரி போடுகிறவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நமக்குத் தான் பெயரைப் பார்த்து மயக்கம்.

திருமறையின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது என்று நம் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். தொழுகையைப் பற்றியதல்ல, நோன்பைப் பற்றியதும் அல்ல. கடன் கொடுக்கல் வாங்கலை, தவணை குறிப்பிட்டு எழுதிக் கொள்வதைப் பற்றியது. பகரா அத்தியாயத்தின் 282வது வசனம். அதில் ஒரு நுட்பம் உண்டு. வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் கடன் கொடுத்தவர் அல்ல, கொடுக்க வேண்டிய பொறுப்பில் இருப்பவர். அதாவது பலவீனமான பக்கம் இருப்பவர் தன் வாயால் சொல்ல, நியாயமான எழுத்தர் எழுத வேண்டும். இங்கே நடப்பது என்ன? வாங்க வேண்டியவரே எழுதுகிறார், வாங்க வேண்டியவரே திருத்துகிறார், வாங்க வேண்டியவரே தீர்ப்பும் சொல்கிறார். அதற்கு இரண்டு வசனங்கள் முன்னால், கஷ்டத்தில் இருக்கும் கடனாளிக்கு அவகாசம் கொடுக்கச் சொல்கிறது அதே அத்தியாயம்.

இது மார்க்கம் பேசுபவர்களின் கனவு, நடைமுறைக்கு ஒத்து வராது என்று சொல்பவர்களுக்கு ஒரு தகவல். இஸ்லாமிய நிதி நிறுவனங்களுக்கான நெறிகளை வகுக்கும் பஹ்ரைனைச் சேர்ந்த அயோஃபி அமைப்பு, தவணை தவறியவரிடம் பெறும் கூடுதல் தொகையைக் கடன் கொடுத்தவர் தன் வருமானமாகச் சேர்த்துக் கொள்ளக் கூடாது, அது தர்ம காரியங்களுக்கே போக வேண்டும் என்று விதி வைத்திருக்கிறது. தண்டனையால் லாபம் கிடைக்காது என்றால், தண்டனை கொடுக்கும் ஆசையும் குறைந்து விடும் அல்லவா!

சட்டம் யார் பக்கம்?

"நீதிமன்றம் இருக்கிறதே" என்பீர்கள். இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்று ஒரு வரையறை இருக்கிறது. ஏற்பட்ட இழப்புக்குச் சற்றும் பொருந்தாத அபராதம், காரணமின்றி ஒருதலைப்பட்சமாக ஒப்பந்தத்தை முறிப்பது எல்லாம் அதில் வருகின்றன. ஆனால் அந்தக் கேடயம் நுகர்வோருக்கு. நம்மிடம் அபாயா வாங்கியவர் நுகர்வோர். விற்ற நாம் யார்? வியாபாரி! 2020 ஜூலையில் வந்த இணைய வணிக விதிகளும் பெரும்பாலும் வாங்குபவரையே மனதில் வைத்தவை. விற்பவர்களிடையே பாகுபாடு காட்டினால் அதை விதிமுறையில் விவரிக்க வேண்டும் என்று ஒரு வரி உண்டு. நாம் கேட்கும் கெடு, அபராத விவரத்துக்கு அது போதாது.

உச்ச நீதிமன்றம் 1986ல் மத்திய உள்நாட்டு நீர்வழிப் போக்குவரத்துக் கழக வழக்கில் ஓர் அருமையான தீர்ப்பைக் கொடுத்தது. பலசாலி எழுதி நீட்டிய ஒப்பந்தத்தில், வேறு வழியின்றிப் பலவீனன் கையெழுத்திட்டால், அநியாயமான அந்த ஷரத்தை நீதிமன்றம் செல்லாததாக்கும் என்றது. படிக்கும் போதே நெஞ்சு நிமிர்கிறது. ஆனால் அதே தீர்ப்பில், இரு தரப்பும் வியாபாரிகளாக இருந்து அது வணிக ஒப்பந்தமாகவும் இருந்தால் இந்தக் கோட்பாடு பொருந்தாமல் போகலாம் என்றும் ஒரு வரி இருக்கிறது. இரு தரப்பும் வியாபாரிகளாம்! உலகம் முழுக்கக் கடை விரித்த நிறுவனமும், மண்ணடியில் மாடிப்படிக்குக் கீழே மூட்டை வைத்திருப்பவரும் சம பலம் கொண்ட இரண்டு வியாபாரிகள்! 1986ல் நீதிபதிகள் இப்படியொரு ஜோடியைக் கற்பனை செய்திருக்க முடியாது. இன்று அதைக் கண்ணால் பார்க்கிறோம்.

சிறு தொழில்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டம் உதவுமா? கொள்முதல் செய்த பெரிய நிறுவனம் 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்கிறது அது. 2021 ஜூலையில் மொத்த, சில்லறை வியாபாரிகளையும் சிறு தொழில் பட்டியலில் சேர்த்தார்கள். நாமும் மகிழ்ந்தோம். அடுத்த வரியைப் படித்தால், அது முன்னுரிமைக் கடன் பெறுவதற்கு மட்டும் என்றிருந்தது. ஆக, நமக்குக் கடன் வாங்க உரிமை உண்டு, பாதுகாப்புக் கேட்க உரிமை இல்லை!

முழு இருட்டு என்று சொல்ல மாட்டோம். 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், 74வது பிரிவில், ஒப்பந்தத்தில் அபராதம் எவ்வளவு எழுதியிருந்தாலும் அதற்கு மேற்படாத நியாயமான ஈட்டுத்தொகை தான் கிடைக்கும் என்கிறது. தவறிய நாளிலிருந்து வட்டியைக் கூட்டுவது அபராதமாகவே கருதப்படலாம் என்றும் அதே பிரிவின் விளக்கம் சொல்கிறது. வெள்ளைக்காரன் போட்ட சட்டம் தான். ஆனாலும் இன்றைக்குச் சிறு வியாபாரிக்குக் கைகொடுக்கக் கூடியது அந்தக் கிழச் சட்டம் தான். என்ன பயன்? வழக்கு என்றால் டெல்லிக்கோ பெங்களூருக்கோ வா என்று ஒப்பந்தத்தில் எழுதி வைப்பது சகஜமாகி விட்டது. 268 ரூபாய் அநியாயத்துக்கு ரயில் டிக்கெட் எடுத்துப் போகிறவர் யார்? அந்தத் துணிச்சலில் தான் தெளிவில்லாத விதி உயிர் வாழ்கிறது.

ஐரோப்பாவில் வானம் இடிந்து விழுந்ததா?

விதியைத் தெளிவாக எழுது என்றால் இணைய வணிகமே அழிந்து விடும் என்பது போல் சிலர் பேசுகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2019ல் இதற்கென்றே ஓர் ஒழுங்குவிதியை இயற்றி, 2020 ஜூலை 12 முதல் நடைமுறைக்குக் கொண்டு வந்தது. சந்தைக்காரர் விற்பனையாளருக்கு வைக்கும் நிபந்தனைகள் எளிய, புரியும் மொழியில் இருக்க வேண்டும். மாற்றினால் குறைந்தது 15 நாள் முன்னறிவிப்பு. கணக்கை முழுமையாக மூடுவதென்றால் 30 நாள் முன்னதாகக் காரணத்தோடு அறிவிப்பு. இவற்றுக்கு மாறான ஷரத்துகள் செல்லாது. ஜெர்மனியில் போட்டி ஆணையம் 2018 நவம்பரில் அமேசான் மீது விசாரணை தொடங்கியது. காரணம் சொல்லாமல் உடனடியாகக் கணக்கை மூடும் அதிகாரத்தை வைத்திருந்த அந்த நிறுவனம், 2019 ஜூலையில் விதிகளைத் திருத்த ஒப்புக் கொண்டது. 30 நாள் அவகாசமும் காரணமும் தருவதாகச் சொன்னது. அமேசான் அழிந்தா போனது? இன்னும் கொழுத்துத் தான் இருக்கிறது! கேட்பார் இருந்தால் கொடுப்பார்கள் என்பதற்கு இதை விடச் சான்று வேண்டாம்.

"பிடிக்காவிட்டால் விலகிப் போ, யார் கட்டாயப்படுத்தினார்கள்?" என்று ஒரு வாதம். வாடிக்கையாளர்கள் எல்லோரும் செல்போனுக்குள் போன பிறகு வியாபாரி எங்கே விலகிப் போவது? ஊருக்கு ஒரே பாலம் தான். சுங்கம் பிடிக்கவில்லை என்றால் நீந்திப் போ என்பது எந்த ஊர் நியாயம்?

இன்னொரு வாதம் உண்டு. அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. சரக்கு விற்று, பணத்தை எடுத்துக் கொண்டு, ரிட்டன் வரும் நேரத்தில் கணக்கைக் கைவிட்டு வேறு பெயரில் புதுக் கணக்கு தொடங்கும் பேர்வழிகள் இருக்கிறார்கள். நம்மிலும் இருக்கிறார்கள். மறைத்துப் பேசுவதில் லாபமில்லை. அது மோசடி. பிறர் பணத்தை எடுத்துக் கொண்டு ஓடுகிறவனுக்கு எந்த மார்க்கத்திலும் இடமில்லை. சந்தைக்காரர் தனக்கு வர வேண்டியதை வசூலிக்கட்டும். அசலைக் கேட்கட்டும், கெடு வைக்கட்டும். நாம் இலவசம் கேட்கவில்லை. கெடு எது, தொகை எது என்று முன்கூட்டியே சொல் என்கிறோம். ஓடுகிறவனைப் பிடிக்க விரிக்கும் வலையில், பெருநாள் முடிந்து வியாபாரம் இல்லாமல் உட்கார்ந்திருப்பவனைப் போட்டு இழுக்காதே என்கிறோம்.

இளைஞர்களே, உங்களிடம் தான் சொல்கிறோம்

வாப்பாவுக்குக் கணினி தெரியாது. கடையை இணையத்தில் ஏற்றியது நீங்கள். 'ஏற்கிறேன்' பொத்தானை அமுக்கியதும் பெரும்பாலும் நீங்கள் தான்! எனவே பொறுப்பும் உங்களுடையது. ஒவ்வொரு செட்டில்மெண்ட் அறிக்கையையும் இறக்கி, கடைப் பேரேட்டோடு ஒத்துப் பாருங்கள். கட்டண அட்டவணை, விதிப் பக்கம் இரண்டையும் மாதம் ஒரு முறை தேதி தெரியும்படி நகல் எடுத்து வையுங்கள். அவர்கள் நாளை மாற்றினால் நேற்று என்ன இருந்தது என்பதற்குச் சாட்சி உங்களிடம் இருக்கட்டும். பெருநாள் வசூலை முழுதும் எடுத்துச் செலவழிக்காமல், ரிட்டன் காலத்துக்கென ஒரு பங்கை ஒதுக்குங்கள். கணக்கு கழித்தலுக்குப் போனால், நீங்களாகப் பணம் கட்டும் போது, இது இன்ன பட்டியலின் அசல் கட்டணத்துக்கு மட்டும் என்று எழுத்தில் குறிப்பிட்டுக் கட்டுங்கள். பல பாக்கிகள் இருக்கும் போது எதற்காகக் கட்டுகிறோம் என்று சொல்லும் உரிமையை ஒப்பந்தச் சட்டத்தின் 59வது பிரிவு நமக்குத் தருகிறது. அபராதம் தெரியாமல் போட்டிருந்தால் மறுப்பைத் தொலைபேசியில் சொல்லாதீர்கள். எழுதுங்கள்.

தனித்தனியாக எழுதினால் இயந்திரம் தான் பதில் சொல்லும். இது முஸ்லிம் வியாபாரியின் பிரச்சினை மட்டுமல்ல. ஆம்பூரில் தோல் பர்ஸ் விற்பவருக்கும், திருப்பூரில் பனியன் விற்பவருக்கும், சிவகாசியில் நோட்டுப் புத்தகம் விற்பவருக்கும் இதே பூட்டு தான், இதே 'லாம்' தான். எனவே நம் ஜமாஅத்துக்குள் புலம்பி விட்டுக் கலைந்து விடாமல், ஊரில் உள்ள வணிகர் சங்கங்களுக்கு இதைக் கொண்டு போங்கள். மே 5 வணிகர் தினத் தீர்மானங்களில் இந்தக் கோரிக்கையும் ஒன்றாக ஏறட்டும். ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குப் போட்டது போன்ற விதியை இணையச் சந்தைகளுக்கும் மத்திய அரசு போட வேண்டும். கெடு, அபராதம், பூட்டைத் திறக்கும் அவகாசம் மூன்றும் ஒரே பக்கத்தில், தமிழிலும் இருக்க வேண்டும். இதைக் கேட்பதற்கு நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் ஒரு மனு போதும்.

மனு எழுத உட்காரும் முன் நம் பேரேட்டையும் கொஞ்சம் திறந்து பார்ப்போம். வீட்டில் இருந்தபடி நமக்கு அபாயா தைத்துக் கொடுக்கும் பெண்களுக்குக் கூலி எந்தத் தேதியில் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோமா? "பெருநாள் முடியட்டும் பார்க்கலாம்" என்று தானே சொல்கிறோம்? அங்கேயும் ஒரு 'லாம்' இருக்கிறது, கவனித்தீர்களா?

சந்தைக்காரருக்கு அனுப்ப வேண்டிய கடிதத்தில் நான்கு வரி போதும். என் கட்டணம் எந்தத் தேதியில் கெடு தாண்டும்? தாண்டினால் எவ்வளவு, எந்தத் தொகையின் மேல்? நான் பகுதியாகக் கட்டினால் எது முதலில் கழியும்? முழுதும் கட்டினால் எத்தனை நாளில் கணக்கு திறக்கும்? இதை இந்த வாரமே அனுப்புங்கள். பதில் வந்தால் அதன் நகலை நம் பத்திரிகைக்கு அனுப்புங்கள். ஒரு மாதம் ஆகியும் வராவிட்டால், வரவில்லை என்று ஒரு அஞ்சலட்டை போடுங்கள். இன்ஷா அல்லாஹ், இரண்டையும் வெளியிடுவோம்.